சுவர் சொல்வதும் மூலை சொல்வதும்

வரவேற்பறைக்கு அடர்நீலம் அடித்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு மனச்சோர்வு வருமாமே, உண்மையா என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். கைப்பேசியில் யாரோ அனுப்பிய காணொளியில் அப்படிச் சொல்கிறார்களாம். சிவப்புச் சோபா வாங்குகிறவர் தலைமைப் பண்பு உள்ளவர், பழுப்புத் திரை போடுகிறவர் கஞ்சர் என்றும் அதில் பட்டியல் நீள்கிறதாம். புது வீட்டுக்கு நீலம்தான் வேண்டுமென்று மகன் பிடிவாதமாக நிற்கிறார். பெயிண்டர் அடுத்த வாரம் வேலையைத் தொடங்குகிறார்.

அம்மா, தாராளமாக நீலமே அடியுங்கள். இந்த நிறம் இந்தக் குணத்தைக் கொண்டுவரும் என்ற பேச்சுக்கு வலுவான ஆதாரம் கிடையாது. இருப்பதிலேயே புகழ்பெற்ற உதாரணத்தைப் பாருங்கள். 1979-இல் அலெக்சாண்டர் ஷாஸ் என்பவரின் யோசனைப்படி, அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கடற்படைச் சிறையில் ஒருவகை இளஞ்சிவப்பைப் பூசினார்கள். கைதிகளின் முரட்டுத்தனம் தணிந்துவிட்டது என்ற செய்தி பரவி, அந்தச் சிறையின் அதிகாரிகள் இருவர் பெயரால் ‘பேக்கர்-மில்லர் பிங்க்’ என்று அந்த நிறத்துக்குப் பெயரே வந்துவிட்டது. 2015-இல், சுவிட்சர்லாந்துச் சிறை ஒன்றில் ஆய்வாளர்கள் கைதிகளில் சிலரை இளஞ்சிவப்பு அறையிலும் சிலரை வெள்ளை அறையிலும் வைத்து முறையாகச் சோதித்த முடிவு வெளிவந்தது. இரு பக்கத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்கக் கிடக்கும் கைதியிடமே வேலை செய்யாத நிறம், சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கும் உங்களிடம் என்ன செய்துவிடும்?

ஆனால் கேள்வியின் மறுபாதி, வீட்டுப் பொருளைப் பார்த்து ஆளைக் கணிப்பது, எனக்கு மிகவும் பிடித்தது. ஆளே இல்லாத அறைக்குள் முன்பின் அறியாத ஒருவர் நுழைகிறார். அந்த அறைக்காரர் எப்படிப்பட்டவர் என்று அவரால் சொல்ல முடியுமா? ஓரளவு முடியும். எதை வைத்து முடிகிறது என்பதில்தான் அழகு இருக்கிறது.

சாம் காஸ்லிங் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், 94 அலுவலக அறைகளுக்கும் 83 படுக்கையறைகளுக்கும் ஆட்களை அனுப்பினார்கள். அலுவலகங்களில் வங்கியும் உண்டு, விளம்பர நிறுவனமும் உண்டு. படுக்கையறைகள் மாணவர்களும் படிப்பை முடித்த இளைஞர்களும் வசித்தவை. அறைக்காரரின் பெயர், புகைப்படம் எல்லாவற்றையும் மூடி மறைத்துவிட்டார்கள். பார்த்தவர்கள் போட்ட மதிப்பெண்களை, அறைக்காரர் தன்னைப் பற்றிச் சொன்னதோடும் நெருங்கிய நண்பர்கள் சொன்னதோடும் ஒப்பிட்டார்கள்.

புதியனவற்றில் நாட்டம், அதாவது புதுக் கருத்து, கலை, அனுபவம் என்று தேடிப் போகும் குணம், படுக்கையறையிலிருந்து வியக்கும் அளவுக்குத் துல்லியமாகப் பிடிபட்டது. முழுப் பொருத்தத்தை 1 என்று வைத்தால், ஒப்புமை எண் 0.65. உளவியலில் இவ்வளவு பெரிய எண் அடிக்கடி கிடைப்பதில்லை. பொறுப்புணர்வு நடுத்தரமாகத் தெரிந்தது, 0.33. மற்றவரோடு அனுசரித்துப் போகும் இணக்கம் அலுவலக அறையில் ஏறக்குறைய பூச்சியம். மேசையைப் பார்த்து ‘தங்கமான மனுஷர்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வரலாற்றுக்கு ஒரு பத்தி ஒதுக்கியாக வேண்டும். ஒருவரின் ‘தான்’ என்பதில் அவருடைய உடையும் வீடும் அடங்கும் என்று உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே எழுதிவிட்டார். 1903-இல் புடாபெஸ்ட்டில் பிறந்து, வியன்னாவில் பயின்று, பிறகு அமெரிக்காவின் பெர்க்லிக்குப் போன ஈகான் பிரன்ஸ்விக், அடையாளங்களை வைத்துச் செய்யும் கணிப்பைக் கணக்கு போட்டுப் பார்க்க வழி செய்தார். காஸ்லிங் குழு எடுத்துக்கொண்டது அவருடைய ‘வில்லை மாதிரி’யைத்தான். வரலாறு இவ்வளவு போதும்.

அந்த ‘வில்லை மாதிரி’ இரண்டு தனித்தனிக் கேள்விகளைக் கேட்கிறது. அறையில் இருக்கும் எந்த அடையாளம் உண்மையிலேயே அந்தக் குணத்தோடு சேர்ந்து வருகிறது? பார்ப்பவர் எந்த அடையாளத்தை நம்பி முடிவுக்கு வருகிறார்? இரண்டும் ஒன்றாக இருந்தால் கணிப்பு பலிக்கும். புதியன தேடும் குணத்துக்கு அப்படிப் பொருந்தி வந்தது. அறை மற்ற அறைகளைப் போல இல்லாமல் தனித்து நிற்பதும், புத்தகங்களும் பத்திரிகைகளும் பல வகையாகக் கிடப்பதும் மெய்யான அடையாளங்கள். பார்த்தவர்களும் அவற்றையே பிடித்தார்கள். இணக்கத்தில் இரண்டும் பிரிந்துவிட்டன. சுத்தமான, மலர்ச்சியான அறையைப் பார்த்ததும் அறைக்காரர் அன்பானவர் என்று முடிவு கட்டினார்கள். அறையின் சுத்தத்துக்கும் அன்புக்கும் தொடர்பே இல்லை. மாமியார்கள் மருமகளின் சமையலறையைப் பார்த்துச் செய்யும் அதே பிழை.

அடையாளங்களைக் காஸ்லிங் மூன்றாகப் பிரிக்கிறார். முதல் வகை, ‘நான் இன்னார்’ என்று பிறருக்கோ தனக்கோ அறிவிப்பது: சட்டமிட்ட பட்டம், தலைவர் படம், கேடயம். இரண்டாவது, மனநிலையைச் சீர்செய்ய வைத்துக்கொள்வது: குழந்தைப் பருவப் புகைப்படம், பாட்டுப் பெட்டி, ‘உன்னால் முடியும்’ வாசகம். இப்படிப்பட்ட ஊக்க வாசகங்கள் கவலைப்படும் சுபாவம் உள்ளவர்களின் அறையில் கூடுதலாகத் தென்படும் என்பது காஸ்லிங்கின் கவனிப்பு. மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டியவர்தானே தேற்றும் வாசகத்தை ஒட்டுவார். அவர்களை எண்ணும்போது எனக்குக் கனிவுதான் வருகிறது.

மூன்றாவது வகையில்தான் என் மனம் நிற்கிறது: திரும்பத் திரும்பச் செய்த செயல்கள் தங்களையறியாமல் விட்டுப்போகும் எச்சம். கதவருகே தேய்ந்த செருப்பு, நடுவில் அடையாளம் செருகி மூன்றாம் அத்தியாயத்தோடு நின்றுபோன புத்தகம், மின்கட்டண ரசீதுகள் தேதிவாரியாகக் குத்தப்பட்ட கம்பி. இவற்றை யாரும் அலங்காரம் என்று வைப்பதில்லை. இவற்றில் பொய் சொல்வது கடினம், ஏனென்றால் பொய் சொல்ல அந்தச் செயலையே ஆண்டுக்கணக்கில் செய்தாக வேண்டும்.

வீட்டை ஒரு தோசைக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் இருக்கும்போது எல்லா இரும்புக் கல்லும் ஒன்றுதான். வாங்கிவந்து எண்ணெய் தடவி, அரிந்த வெங்காயத்தால் தேய்த்துப் பழக்கப் பழக்க, எண்ணெயின் மூலக்கூறுகள் சூட்டில் ஒன்றோடொன்று பிணைந்து, மெல்லிய கரும்படலமாக இரும்பில் ஒட்டிக்கொள்கின்றன. அந்தப் படலம் அதுவரை வார்த்த தோசைகளின் பதிவு. அடுத்த தோசை முறுகலாக எழும்புமா, பிய்ந்து வருமா என்பதும் அதன் கையில்தான் இருக்கிறது. விருந்தாளி வருகிறார் என்று ஒரே நாளில் வீட்டைத் துடைத்து அடுக்குவது, கல்லைக் கம்பிநார் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். பளபளப்பு வரும், மறுநாள் மாவு ஒட்டும். அலங்கார நிபுணர் ஒரே வாரத்தில் முடித்துக் கொடுக்கும் வீடு நான்-ஸ்டிக் கல். யார் வார்த்தாலும் எழும்பும், யார் வார்த்தார் என்று மட்டும் சொல்லாது. சப்பாத்தியும் தோசையும் ஒரே கல்லில் சுடுகிற வீடுகளும் உண்டு. அங்கே கல்லும் குழம்பும், ஆராய்ச்சியாளரும் குழம்புவார்.

படலம் அடுத்த தோசையை ஆளுகிறது என்றேனே, வீட்டு விஷயத்தில் அதற்கு ஆதாரம் உண்டா? இந்த இடத்தில் கவனம் தேவை, கவர்ச்சியான ஆய்வுகள் கவிழ்ந்த களம் இது. ஒழுங்கற்ற சூழல் மனிதரைப் பாரபட்சம் காட்டத் தூண்டுகிறது என்று 2011-இல் ‘சயன்ஸ்’ இதழில் டச்சு உளவியலாளர் டீடரிக் ஸ்டாப்பல் ஒரு கட்டுரை வெளியிட்டார். துப்புரவுப் பணியாளர் வேலைநிறுத்தத்தின்போது உட்ரெக்ட் ரயில் நிலையத்தில் செய்த சோதனை என்றார். உலகமெங்கும் செய்தியானது. தரவுகள் இட்டுக்கட்டியவை என்று தெரிந்து அந்த ஆண்டுக்குள்ளேயே கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இரண்டாண்டு கழித்து, கலைந்த அறை படைப்பாற்றலை வளர்க்கும் என்று கேத்லீன் வோஸ் குழு சொன்னது. பின்னால் வேறு ஆய்வாளர்கள் சோதித்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. கலைந்த மேசைக்குச் சாக்குச் சொல்ல ஐன்ஸ்டைனை அழைக்கும் பதிவுகள் மட்டும் இன்னும் சுற்றுகின்றன.

எனக்கு நம்பிக்கை தருவது ஆரவாரமில்லாத ஓர் ஆய்வு. வெண்டி உட் குழு 2005-இல் வெளியிட்டது. ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிய மாணவர்களிடம் உடற்பயிற்சி, நாளிதழ் வாசிப்பு, தொலைக்காட்சி பார்ப்பது ஆகிய மூன்று பழக்கங்களையும் தொடர்ந்து கவனித்தார்கள். அந்தச் செயலைச் செய்யும் சூழல் புது இடத்திலும் ஏறக்குறைய அப்படியே அமைந்தவர்களிடம் பழக்கம் தொடர்ந்தது. சூழல் மாறியவர்களிடம் பழக்கத்தின் பிடி தளர்ந்து, அவர்கள் மனத்தில் அப்போது என்ன நினைத்தார்களோ அதன்படி செயல் அமைந்தது. ஆக, வீடு நம்மை வடிவமைக்கும் வழி நிறத்தில் இல்லை. நாற்காலி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, நாளிதழ் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறதா என்பவற்றில் இருக்கிறது. இடம் சைகை காட்டுகிறது, கை தானாகப் போகிறது. புது வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. முதல் சில வாரங்கள் எந்தச் சைகையும் இன்னும் பதியாத காலம்.

உடலிலும் ஒரு தடயம் உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் 30 தம்பதிகளிடம் காணொளிக் கருவியைக் கொடுத்து, தங்கள் வீட்டைத் தாங்களே சுற்றிக்காட்டச் சொன்னார்கள் ஆய்வாளர்கள் டார்பி சாக்ஸ்பியும் ரெனா ரெப்பெட்டியும். அவர்கள் பேசிய சொற்களை எண்ணினார்கள். வீட்டை அடைசல், முடிக்காத வேலை என்று வர்ணித்த மனைவிகளிடம், மாலைக்குள் நன்றாக இறங்க வேண்டிய மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் போதிய அளவு இறங்கவில்லை. 2010-இல் வெளிவந்த இந்த முடிவைப் ‘பொருள்கள் பெண்களை நோயாளியாக்குகின்றன’ என்று எழுதியவர்கள் அவசரப்பட்டார்கள். களைத்தவர் கண்ணுக்கு வீடு அடைசலாகத் தெரிந்திருக்கலாம்; எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் என்பதை அந்த ஆய்வு நிறுவவில்லை. எடுத்து வைக்க வேண்டிய பொறுப்பு யார் தலையில் இருக்கிறதோ, அவருக்குத்தான் குவியல் வேலையாகத் தெரியும் என்பது என் எண்ணம்.

நம் வீடுகளுக்கு இந்த முடிவுகளை அப்படியே கொண்டுவரவும் கூடாது. காஸ்லிங் பார்த்தது பெரும்பாலும் ஒருவர் தன் கையில் வைத்திருந்த இடங்களை. நம் கூடத்தில் அப்பாவின் காலண்டர், அத்தையின் பொம்மைகள், தம்பியின் கிரிக்கெட் மட்டை எல்லாம் ஒரே சுவரைப் பங்கு போடுகின்றன. வாடகை வீடானால் ஆணி அடிக்கவே அனுமதி இல்லை. வெறுஞ்சுவர் அங்கே குடியிருப்பவரின் குணத்தைச் சொல்லாது, வீட்டுக்காரரின் நிபந்தனையைச் சொல்லும். ஒரு மனிதருக்கு மட்டும் சொந்தமான இடம் வேண்டுமென்றால் பீரோவில் அவருக்கென்று ஒதுக்கிய தட்டு, கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் படம், மேசையின் ஒற்றை இழுப்பறை என்று சுருக்கிக்கொண்டே போக வேண்டும்.

நம் ஊர் உளவியல் துறை மாணவர் யாராவது இதைச் செய்து பார்க்கலாம். செலவு அதிகமில்லை. ஐந்து பேர் வாழும் வீடுகளில் அனுமதி பெற்று, ஒவ்வொருவரின் பீரோத் தட்டையும் பெயர் தெரியாமல் படமெடுத்து, அந்நியர்களிடம் காட்டிக் குணங்களுக்கு மதிப்பெண் போடச் சொல்ல வேண்டும். அதே அந்நியர்களுக்குக் கூடத்தின் படத்தையும் காட்டி, அந்த ஐவரையும் ஒவ்வொருவராகக் கணிக்கச் சொல்ல வேண்டும். கூடம் தோற்று, தட்டு வெல்லும் என்று நான் எதிர்பார்க்கிறேன்.