இத்தாலியில் பத்து இரவுகள்: இருவர் சேர்ந்து போடும் முதல் கணக்கு

திருமணச் செலவுகளில் பெரும்பாலானவற்றைப் பெற்றோரே முடிவு செய்கின்றனர். மண்டபம், விருந்து, நகை, அழைப்பிதழ் எனப் பட்டியல் நீண்டாலும், மணமக்கள் இருவரும் தனியே அமர்ந்து தாமே கணக்கிடும் முதல் பெருஞ்செலவு பல இல்லங்களில் தேனிலவுப் பயணமாகவே அமைகிறது. எதற்குச் செலவிடுவது, எதைத் தவிர்ப்பது, எவ்வளவு கையிருப்பு வைப்பது என்று இருவரும் பேசி முடிவெடுக்கும் பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது. இந்த இதழில், புதுமணத் தம்பதியர் பலரும் விரும்பும் இத்தாலியை எடுத்துக்கொண்டு, அப்பயணத்தைத் திட்டமிடும் முறையைக் காண்போம்.

எத்தனை ஊர்கள்?

மிலான், கோமோ ஏரி, வெரோனா, வெனிஸ், புளோரன்ஸ், பீசா, ரோம், நேப்பிள்ஸ், அமல்ஃபி என எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட எண்ணுவது இயல்பே. ஆனால், ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் பெட்டி கட்டுதல், ரயில் நிலையம் செல்லுதல், புதிய விடுதியைத் தேடுதல் என அரை நாள் கழிந்துவிடும். பத்து இரவுகளுக்கு நான்கு ஊர்களே போதும் என்பது நமது கருத்து. வெனிஸில் 2, புளோரன்ஸில் 3, அமல்ஃபி கடற்கரையில் 3, ரோமில் 2 என இரவுகளைப் பிரித்துக்கொள்ளலாம். வெனிஸில் இறங்கி ரோமிலிருந்து தாயகம் திரும்புமாறு விமானச் சீட்டு எடுத்தால், சென்ற வழியே திரும்பும் செலவும் நேரமும் மிச்சமாகும்.

வழித்தடம்

வெனிஸ் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளின் மீது எழுந்த நகரம். அதன் தெருக்களில் கார்கள் இல்லை. ஆதலால், பெரிய பெட்டிகளைப் பாலங்களின் படிகளில் தூக்கிச் செல்ல நேரிடும். நிலப்பகுதியான மேஸ்த்ரேயில் விடுதி வாடகை குறைவு. எனினும், பகல்நேரக் கூட்டம் கலைந்த பின் கால்வாய்களின் அமைதியை உணர நகருக்குள் தங்குவதே சிறப்பு. 2024 முதல், குறிப்பிட்ட சில நாள்களில் பகலில் மட்டும் வந்து செல்வோரிடம் நகர நுழைவுக் கட்டணம் வசூலிக்கப்படுகிறது. வெனிஸ் விடுதிகளில் இரவு தங்குவோருக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. கோண்டோலாப் படகுக்கு நகராட்சி நிர்ணயித்த கட்டணம் பகலில் 30 நிமிடத்திற்கு 90 யூரோ, இரவு 7 மணிக்குப் பின் 110 யூரோ. இது ஆளுக்கு அன்று, படகுக்கு உரிய கட்டணம். ஏறுமுன் இதை உறுதி செய்துகொள்வது நலம்.

வெனிஸிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேல் பயணித்தால் புளோரன்ஸ். மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை உள்ள அக்காதெமியா, ஓவியங்களுக்குப் புகழ்பெற்ற உஃபீசி ஆகிய இரு காட்சியகங்களுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. புருனெல்லெஸ்கி கட்டி 1436-இல் நிறைவுற்ற பேராலயக் குவிமாடத்தின் உச்சியை அடைய 463 படிகள் ஏற வேண்டும், மின்தூக்கி இல்லை. மூன்றுக்குமே நேரம் குறித்து முன்பதிவு செய்துகொள்வது நல்லது.

அங்கிருந்து ரயிலில் சலேர்னோ சென்று, படகிலோ பேருந்திலோ அமல்ஃபியை அடையலாம். செங்குத்தான மலைச்சரிவுகளில் அடுக்கடுக்காக வீடுகள் அமைந்த இக்கடற்கரை 1997-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பொசித்தானோவில் வாடகை மிக அதிகம். அமல்ஃபி நகரத்திலோ அதன் அருகிலுள்ள சிற்றூர்களிலோ தங்கிப் படகில் சென்று வருவது சிக்கனம். குளிர்காலத்தில் படகுச் சேவை பெரும்பாலும் நின்றுவிடும். பல விடுதிகளும் மூடப்படும். எனவே, தை மாதத்தில் மணமுடித்து உடனே புறப்படுவோர் அமல்ஃபியை விடுத்து, அந்த மூன்று இரவுகளையும் ரோமுக்கே கொடுக்கலாம். மே மாதமும் செப்டம்பர் மாதமும் இப்பயணத்திற்கு ஏற்றவை. ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் மிகும்.

இறுதியாக ரோம். கொலோசியத்திற்கும் வாத்திகன் அருங்காட்சியகங்களுக்கும் முன்பதிவு செய்யாவிடில் நீண்ட வரிசையில் நிற்க நேரிடும். வாத்திகன் அருங்காட்சியகங்கள் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர ஏனைய ஞாயிறுகளில் மூடப்பட்டிருக்கும். தேவாலயங்களுக்குள் செல்லத் தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை வேண்டும்.

சைவ உணவினர் ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். பாஸ்தாவின் மேல் தூவப்படும் பார்மேசான் பாலாடைக்கட்டி, கன்றின் இரைப்பையிலிருந்து பெறும் நொதியைக் கொண்டு செய்யப்படுகிறது. அது வேண்டாம் எனில் உணவைக் கேட்கும்போதே சொல்லிவிடலாம்.

விசாவும் ஆவணங்களும்

இத்தாலிக்குச் செல்ல ஷெங்கன் விசா தேவை. பயணத்திற்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள்களுக்கு முன்னதாக விண்ணப்பித்தாக வேண்டும். கடைசி நேரம் வரை காத்திராமல், இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிப்பது அறிவுடைமை. குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். வங்கிக் கணக்கு அறிக்கையும் கேட்கப்படும்; விண்ணப்பத்திற்கு முந்தைய வாரம் திடீரெனச் சேர்ந்த பெருந்தொகையைவிட, பல மாதங்களாகச் சீராக நடந்துவரும் வரவு செலவே நம்பிக்கை அளிக்கும்.

திருமணத்திற்குப் பின் மனைவி தம் பெயரை மாற்றிக்கொள்வது கட்டாயமன்று. கடவுச்சீட்டில் எந்தப் பெயர் உள்ளதோ, அதே பெயரில் விமானச் சீட்டும் காப்பீடும் விசா விண்ணப்பமும் அமைய வேண்டும். திருமணப் பதிவுச் சான்றிதழை உடன் வைத்திருப்பது நன்று.

பணத்தை எடுத்துச் செல்லும் முறை

யூரோ நிரப்பிய பயண அட்டை ஒன்று, அதிலிருந்து வேறான கடன் அட்டையோ பற்று அட்டையோ ஒன்று, சிறிதளவு ரொக்கம் என மூன்றாகப் பிரித்துக்கொள்வதே பாதுகாப்பு. இரண்டு அட்டைகளையும் ஒரே பணப்பையில் வைக்காமல் ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டால், ஒன்று தொலைந்தாலும் பயணம் தடைபடாது. அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டு வசதியைப் புறப்படுமுன் செயற்படுத்திக்கொள்ள வேண்டும். கடைகளிலும் ஏ.டி.எம்.களிலும் "ரூபாயில் கழிக்கவா, யூரோவில் கழிக்கவா?" என்று இயந்திரம் கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுக்க வேண்டும். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால், பாதகமான மாற்று விகிதத்தால் கூடுதல் தொகை கழியக்கூடும்.

விடுதி வாடகையுடன், ஆளுக்கு இரவுக்கு இவ்வளவு என நகர வரி ஒன்றும் தனியே செலுத்த நேரும். உணவகங்களில் 'கொப்பெர்தோ' எனும் இருக்கைக் கட்டணம் சேர்க்கப்படலாம். இவற்றையும் அன்றாடச் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சுற்றுலா நிறுவனத்திடம் முழுத் தொகுப்பாக வாங்கினால், மூலத்தில் வசூலிக்கப்படும் வரியான டி.சி.எஸ். பிடிக்கப்படும். அதை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம் என்பதால் ரசீதைப் பத்திரப்படுத்துவது அவசியம். நடப்பு விகிதத்தைக் கிளையில் கேட்டறியலாம்.

கடனா, சேமிப்பா?

மூன்று லட்சம் ரூபாயை ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் மூன்று ஆண்டுக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 9,964 ரூபாய். வட்டி மட்டும் 58,000 ரூபாயைத் தாண்டும். பத்து இரவுகளுக்காக முப்பத்தாறு மாதங்கள் தவணை கட்ட வேண்டியிருக்கும். மாறாக, நிச்சயதார்த்தம் முடிந்ததும் இருவரும் ஆளுக்கு 10,000 ரூபாய் வீதம் தொடர் வைப்பில் செலுத்திவந்தால், ஓராண்டில் அசல் மட்டும் 2,40,000 ரூபாய் சேரும், வட்டி தனி. திருமணம் முன்னதாகவே நடந்துவிட்டால், முதல் திருமண நாளுக்கு இப்பயணத்தை ஒத்திவைப்பதில் குறையொன்றும் இல்லை.

மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கிவிட்டு, எஞ்சியதற்கே திட்டமிடுங்கள். அதற்குள் அடங்காவிடில், செலவிடும் தொகையை உயர்த்துவதற்கு முன் ஓர் ஊரைக் குறைத்துப் பாருங்கள். எந்த ஊரை விடுவது என்பதை இருவரும் சேர்ந்தே முடிவு செய்யுங்கள். நாளை வீடு வாங்கும்போதும், பிள்ளைகளின் கல்விக்குச் சேமிக்கும்போதும் இதே உரையாடல் மீண்டும் எழும். அப்போது இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.