உங்களுக்குத் தெரியுமா? – ஜொகூர்க் கரையைக் கடக்கும் கப்பல்கள்

ஜொகூர் மாநிலத்துக்கு மூன்று பக்கமும் கடல்: மேற்கே மலாக்கா நீரிணை, தெற்கே ஜொகூர் நீரிணை, கிழக்கே தென்சீனக் கடல். எந்தக் கரையில் நின்றாலும் கண்ணுக்குக் கப்பல் தென்படும். அது எங்கே போகிறது, சுமை இருக்கிறதா, எந்த நாட்டில் பதிவானது என்பதையெல்லாம் கரையிலிருந்தே சொல்லிவிடலாம். எதைப் பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

● கடலிலும் சாலை விதி
மலேசியச் சாலையில் நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். கடலில் எல்லா நாட்டுக் கப்பலுக்கும் வலப்பக்கம்தான். மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளில் 1981 முதல் போக ஒரு தடம், வர ஒரு தடம் என்று பிரித்திருக்கிறார்கள். ஆகவே பெங்கேராங் கரையில் நிற்பவருக்குக் கிட்டத்தில் தெரிவது சீனா, ஜப்பான், கொரியா பக்கமிருந்து மேற்கே போகும் கப்பல். இந்தோனேசியப் பக்கம், தூரத்தில் தெரிவது கிழக்கே போகும் கப்பல். வளைகுடா எண்ணெய் அந்தத் தூரத்துத் தடத்தில்தான் கிழக்காசியாவுக்குப் போகிறது.

● அடியில் 3.5 மீட்டர்
2024-இல் மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளை 90,000-க்கும் அதிகமான கப்பல்கள் கடந்தன. அகலம் போதாத வழி இது, ஆழமும் போதாது. அதனால் பெரிய எண்ணெய்க் கப்பல்களின் அடிப்பாகத்துக்கும் கடல் தரைக்கும் இடையே எந்நேரமும் குறைந்தது 3.5 மீட்டர் நீர் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த அளவுக்குள் அடங்காத கப்பல் இந்தோனேசியாவின் லொம்போக் நீரிணை வழியே சுற்றிப் போக வேண்டியதுதான்.

● ஆறாம் பகுதி ஜொகூருக்கு
1998 டிசம்பர் 1 முதல் மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகள் வழியே போகும் பெரிய கப்பல்கள் தங்கள் பெயரையும் இருப்பிடத்தையும் வானொலியில் அறிவிக்க வேண்டும். வழி முழுவதும் ஒன்பது பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. முதல் ஐந்தைக் கிள்ளானும், ஆறாவதை ஜொகூரும், கடைசி மூன்றைச் சிங்கப்பூரும் கண்காணிக்கின்றன.

● மூன்று பச்சை விளக்கு
இரவில் ஒரு கப்பலில் மூன்று பச்சை விளக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக எரிகின்றனவா? துறைமுகத்திலிருந்தோ நங்கூரமிட்ட இடத்திலிருந்தோ கிளம்பி, பெரிய தடத்தைக் குறுக்கே கடக்கிறது என்று பொருள். சிங்கப்பூர் நீரிணையில் இந்த வழக்கம் 2011 ஜூலையில் வந்தது. சந்தியில் வண்டிகள் சிக்னல் போடுவதைப் போலத்தான்.

● சதுப்புநிலத்தில் எழுந்த துறைமுகம்
புலாய் ஆற்று முகத்துவாரத்தில் தஞ்சோங் பெலாப்பாஸ் துறைமுகம் 1999-இல் வேலையைத் தொடங்கியது. மறு ஆண்டே டென்மார்க்கின் மெர்ஸ்க் நிறுவனம் தன் கொள்கலன் மாற்று மையத்தைச் சிங்கப்பூரிலிருந்து இங்கே மாற்றியது. துறைமுகத்தில் 30 விழுக்காட்டுப் பங்கையும் வாங்கிக்கொண்டது. 2002-இல் தைவானின் எவர்கிரீனும் வந்து சேர்ந்தது. 2024-இல் இத்துறைமுகம் கையாண்ட கொள்கலன்கள், இருபது அடிக் கணக்கில், 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். பெரும்பாலானவை மலேசியாவுக்குள் வருவதே இல்லை. ஒரு கப்பலிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறிப் போய்விடுகின்றன.

● உலக சாதனை இங்கிருந்துதான்
2018 ஆகஸ்டில் ‘மும்பை மெர்ஸ்க்’, இருபது அடிக் கணக்கில், 19,038 கொள்கலன்களோடு தஞ்சோங் பெலாப்பாஸிலிருந்து புறப்பட்டபோது, அதுவரை எந்தக் கப்பலும் அவ்வளவு ஏற்றியதில்லை. அடுத்த ஆண்டு ‘எம்எஸ்சி குல்சுன்’ 19,574 ஏற்றிக்கொண்டு அதே துறைமுகத்திலிருந்து கிளம்பி அந்தக் கணக்கை முறியடித்தது. ஏன் இங்கே? சீனத் துறைமுகங்களில் நிரப்பிக்கொண்டு வரும் கப்பலுக்கு ஐரோப்பாவுக்குமுன் ஆசியாவின் கடைசி நிறுத்தம் பல வேளைகளில் இதுதான். மிச்சமிருக்கும் இடமெல்லாம் இங்கே நிரம்பிவிடும்.

● சூயஸை அடைத்தது யார்?
2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் உலக வணிகத்தையே உலுக்கிய ‘எவர் கிவன்’ நினைவிருக்கும். அது தஞ்சோங் பெலாப்பாஸிலிருந்து ரோட்டர்டாமுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல். நீளம் சுமார் 400 மீட்டர். மாலுமிகள் 25 பேரும் இந்தியர்கள். கப்பல் விடுபட்ட பின்னும் இழப்பீட்டு வழக்கால் எகிப்தை விட்டு வெளியேற ஜூலை 7 வரை ஆனது.

● பெயர் மாறும், எண் மாறாது
கப்பலை விற்றால் பெயர் மாறும், கொடி மாறும், சாயமும் மாறும். கட்டியபோது கொடுத்த ஏழு இலக்க ஐஎம்ஓ (அனைத்துலகக் கடல்சார் அமைப்பு) எண் மட்டும் உடைக்கும் நாள்வரை அதேதான். அந்த எண் சரிதானா என்று நீங்களே சோதிக்கலாம். முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். விடையின் கடைசி இலக்கமும் ஏழாவது இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். எவர் கிவனின் எண் 9811000. கணக்கு: 63, 48, 5, 4, 0, 0. மொத்தம் 120. கடைசி இலக்கம் 0. எண் சரி.

● 533 என்றால் மலேசியா
கைப்பேசியில் கப்பல்களைப் பின்தொடர்பவர்களுக்குத் தெரிவது ஏஐஎஸ் எனும் தானியங்கி அடையாளக் கருவி அனுப்பும் செய்தி. அதில் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒன்பது இலக்க வானொலி எண் உண்டு. முதல் மூன்று இலக்கங்கள் பதிவு நாட்டைச் சொல்லும்: 533 மலேசியா, 419 இந்தியா, 417 இலங்கை, 636 லைபீரியா, 538 மார்ஷல் தீவுகள்.

● மஜுரோவைப் பார்த்திராத மஜுரோ கப்பல்
கப்பலின் பின்புறத்தில் பெயருக்குக் கீழே பதிவுத் துறைமுகத்தின் பெயர் இருக்கும். மஜுரோ, மொன்ரோவியா, பனாமா என்ற பெயர்களை அடிக்கடி பார்ப்பீர்கள். மஜுரோ என்பது பசிபிக் கடலில் இருக்கும் மார்ஷல் தீவுகளின் தலைநகர். அங்கே பதிவான கப்பல்களில் பல, அந்த ஊரை ஒருமுறைகூடக் கண்டதில்லை. உரிமையாளர் ஒரு நாடு, கொடி இன்னொரு நாடு, மாலுமிகள் வேறொரு நாடு என்பதே இத்தொழிலில் வழக்கம்.

● சிவப்புத் தெரிந்தால் சுமை குறைவு
அடிப்பாகத்துச் சிவப்புச் சாயம் பட்டையாக வெளியே தெரிந்தால் கப்பல் காலியாக வருகிறது. நீருக்குள் மறைந்திருந்தால் நிறைந்திருக்கிறது. பக்கவாட்டில் வட்டக்குறியும் அருகே சில கோடுகளும் இருக்கும். எவ்வளவு அமிழலாம் என்பதற்கான வரம்புகள் அவை. ‘டி’ என்ற ஆங்கில எழுத்துள்ள கோடு வெப்பமண்டலக் கடலுக்கு, ‘டபிள்யூ’ குளிர்காலக் கடலுக்கு. ஜொகூர்க் கடல் ஆண்டு முழுதும் ‘டி’ கணக்குதான், கூடுதலாக அமிழலாம். ஆனால் குளிர்காலத்தில் வடகடலுக்குப் போகிற கப்பல், அங்கே நுழையும்போது ‘டபிள்யூ’ கோட்டுக்குமேல் நீர் ஏறாதபடி இங்கேயே கணக்குப் போட்டு ஏற்ற வேண்டும்.

● பாலத்தில் இருந்த கப்பல் வாசல்
ஜொகூர் பாருவையும் உட்லண்ட்ஸையும் இணைக்கும் தரைப்பாலம் 1924 ஜூனில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. சிறு கலங்கள் கடந்து போக ஜொகூர்ப் பக்கம் மதகும் தூக்குப்பாலமும் இருந்தன. 1942 ஜனவரி 31 அன்று பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பாலத்தைத் தகர்த்தபோது அவையும் போயின, மறுபடி கட்டவில்லை. இன்று பாசிர் கூடாங்கிலிருந்து தஞ்சோங் பெலாப்பாஸுக்கு ஒரு கப்பல் போக வேண்டுமென்றால், சிங்கப்பூர்த் தீவைச் சுற்றித்தான் போக வேண்டும்.

● தீவு நமது, விளக்கு அவர்களது
பொந்தியானுக்கு எதிரே இருக்கும் பீசாங் தீவு ஜொகூருக்குச் சொந்தம். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் தீவின் கலங்கரை விளக்கத்தை நடத்துவது சிங்கப்பூர். 1900-இல் ஜொகூர் சுல்தான், விளக்கு இயங்கும் காலம்வரை என்று நிலத்தை, அன்று சிங்கப்பூரை ஆண்ட நீரிணைக் குடியேற்ற அரசுக்கு எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

● ஒரு கடிதமும் ஒரு பாறையும்
சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாசலில் இருக்கும் பத்து பூத்தே பாறையில் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் 1851 முதல் எரிகிறது. பாறை யாருக்கு என்ற வழக்கில் 2008 மே 23 அன்று அனைத்துலக நீதிமன்றம் சிங்கப்பூருக்கே என்றது. தீர்ப்புக்குப் பெரிதும் துணைநின்றது 1953-இல் ஜொகூர் அரசின் தற்காலிகச் செயலாளர் எழுதிய கடிதம்: பாறைமீது ஜொகூர் உரிமை கோரவில்லை என்பது அதன் சாரம். பக்கத்திலுள்ள நடுப்பாறைகள் மலேசியாவுக்குக் கிடைத்தன. 2017-இல் அங்கே அபு பாக்கார் கடல்சார் தளம் திறக்கப்பட்டது.

● கடல் சட்டம் பிறந்த முகத்துவாரம்
1603 பிப்ரவரி 25 அன்று ஜொகூர் ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே ‘சாந்தா கத்தரினா’ என்ற போர்த்துகீசியக் கப்பலை டச்சுக்காரர்கள் ஜொகூரின் துணையோடு கைப்பற்றினார்கள். அதிலிருந்த பட்டும் பீங்கானும் ஆம்ஸ்டர்டாமில் முப்பது லட்சம் கில்டருக்குமேல் ஏலம் போயின. பிடித்தது நியாயமா என்ற கேள்வி எழவே, ஹூகோ குரோஷியஸ் என்ற இளம் வழக்கறிஞர் டச்சுத் தரப்புக்காக வாதத்தை எழுதினார். அதிலிருந்து 1609-இல் வெளிவந்த பகுதிதான், கடல் எல்லாருக்கும் பொது என்ற அனைத்துலகக் கோட்பாட்டுக்கு அடிப்படையானது.

● மூன்று ஆங்கில எழுத்தை அழித்த கொள்ளையர்
2015 ஜூனில் மலாக்காவிலிருந்து குவாந்தானுக்கு 6,000 டன் பெட்ரோலோடு போன ‘ஓர்கிம் ஹார்மனி’ ஜொகூரின் கிழக்குக் கரைக்கப்பால் கடத்தப்பட்டது. கொள்ளையர்கள் பெயரின் முன்னும் பின்னும் எழுத்துகளைச் சாயத்தால் மறைத்து ‘கிம் ஹார்மன்’ ஆக்கினார்கள். அப்படியும் கப்பல் கண்டுபிடிக்கப்பட்டது. 22 மாலுமிகளும் உயிர்பிழைத்தார்கள். உயிர்காப்புப் படகில் தப்பிய எட்டுப் பேர் வியட்நாமில் பிடிபட்டார்கள்.

● கருவியை அணைத்துவிடும் கப்பல்கள்
கிழக்கு ஜொகூர்க் கடலில் ஏஐஎஸ் கருவியை அணைத்துவிட்டுப் பக்கம் பக்கமாக நின்று எண்ணெய் மாற்றிக்கொள்ளும் பழைய கப்பல்கள் அடிக்கடி செய்தியாகின்றன. அந்தக் கடலில் நிற்கும் பழைய டேங்கர்களின் அபாயத்தை 2023 மே 1 காட்டியது. காபோன் கொடியேந்திய, 1997-இல் கட்டிய ‘பாப்லோ’ என்ற காலி எண்ணெய்க் கப்பல் வெடித்துத் தீப்பிடித்தது. 28 மாலுமிகளில் 25 பேர் காப்பாற்றப்பட்டார்கள். பொறுப்பேற்க யாரும் சட்டென்று முன்வராததால் இடிபாடு மாதக்கணக்கில் கடலிலேயே கிடந்தது.

● பழைய இரும்புக் கடைக்கு வந்த பீரங்கிக் குண்டு
2023 மே 28 அன்று, அனுமதியின்றி நங்கூரமிட்டதற்காக ‘சுவான் ஹோங் 68’ என்ற சீனக் கலத்தை மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனம் ஜொகூரில் தடுத்துவைத்தது. ஏறிப் பார்த்தால் துருப்பிடித்த பீரங்கிக் குண்டுகள். 1941 டிசம்பர் 10 அன்று குவாந்தான் கடலில் மூழ்கிய ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ ஆகிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களிலிருந்து அள்ளியவையாக இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டது. ஜொகூரில் ஒரு பழைய இரும்புக் கிடங்கிலும் குண்டுகள் கிடைத்தன.

● தாத்தா ஏறிவந்த ரஜூலா
ஜொகூர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழர்களில் பலர் ஏறிய கப்பல் ‘ரஜூலா’. 1926-இல் ஸ்காட்லாந்தில் கட்டியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, இன்றைய கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஓடியது. தொடக்கத்தில் 5,000-க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. 1973-இல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி ‘ரங்கத்’ என்று பெயரிட்டது. மறு ஆண்டு உடைக்கப்பட்டது. அதன்பின் சென்னை வழித்தடத்தில் தமிழர்களை ஏற்றியது ‘சிதம்பரம்’.

● நிற்கும் கப்பலும் செய்திதான்
2009-இல் உலக வணிகம் சுருங்கியபோது நூற்றுக்கணக்கான காலிக் கப்பல்கள் கிழக்கு ஜொகூர்க் கடலில் வந்து நின்றன. துறைமுக எல்லைக்கு வெளியே நின்றால் துறைமுகக் கட்டணம் கிடையாது. எரிபொருளும் மாலுமி மாற்றமும் பக்கத்திலேயே கிடைக்கும். சரக்கு கிடைத்ததும் உடனே கிளம்பலாம். லண்டன் நாளிதழ்கள் வந்து படமெடுத்துப் போட்ட காட்சியை, மீனவர்கள் அதற்குமுன்பே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

● எங்கே நின்று பார்ப்பது?
ஆசியப் பெருநிலப்பரப்பின் தென்கோடி முனை தஞ்சோங் பியாய். நங்கூரமிட்ட கப்பல்களைப் பார்க்க அதுவே முதலிடம். தஞ்சோங் பெலாப்பாஸின் பாரந்தூக்கிகளை ஃபாரஸ்ட் சிட்டி கடற்கரைப் பக்கமிருந்து பார்க்கலாம். கிழக்கு வழித்தடத்துக்குச் சுங்கை ரெங்கிட்டும் தஞ்சோங் பாலாவும் நல்லவை. துறைமுக வளாகங்கள் பாதுகாப்புப் பகுதிகள். அனுமதியின்றி உள்ளே போகவோ படமெடுக்கவோ கூடாது. தொலைநோக்கி ஒன்றும் குறிப்பேடு ஒன்றும் போதும். குறிப்பெழுதும்போது பெயரோடு ஐஎம்ஓ எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். பத்து ஆண்டு கழித்து அதே கப்பல் வேறு பெயரில் வந்தாலும் அடையாளம் கண்டுகொள்ள அதுதான் வழி.