பங்களாக் கதிரையும் லயத்து அலுமாரியும்

ஒரு காலத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் மெழுகு போட்டுத் துடைக்கிற அளவுக்குத் தளபாடம் இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணலாம். பெரிய துரை பங்களா, சின்னத் துரை பங்களா, டாக்டர் ஐயா வீடு, பெரிய கிளாக்கர் குவார்ட்டர்ஸ். மற்றவர்களுக்கெல்லாம் லயம் என்ற வரிசை வீடு. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. கட்டில் போட்டால் பிள்ளைகள் படுக்க இடமில்லை. அதனால் கட்டிலே இல்லை. கொடியில் துணி, மூலையில் சுருட்டிய பாய், தோட்டம் கொடுத்துப் பிறகு சம்பளத்தில் பிடித்துக்கொண்ட கம்பளி, ஒரு டிரங்குப் பெட்டி. இந்த வீட்டில் எது சிந்தினாலும் தரையில்தான் சிந்தும். சாணி போட்டு மெழுகினால் கறை போச்சு.

ஆனால் துரை வீட்டுச் சாமானைத் துடைத்து மினுக்கிய கைகளில் பாதி இந்த லயத்திலிருந்து போனவைதான். சமையற்கட்டில் அப்பு, உள்ளே பங்களாப் பையன், வெளியே தோட்டக்காரன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகாமல் பங்களாவுக்குப் போனவர்கள் கற்றுக்கொண்ட வேலை சாதாரணமானதல்ல. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாதக்கணக்கில் மழை, மிச்ச நாளில் மூடுபனி. தோல் கதிரையை ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சணம் பிடித்துவிடும். அதை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, துடைத்தால் பூஞ்சணம் தோலுக்குள் இறங்கும். வெளியே கொண்டுபோய் உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்து மெல்ல ஒற்றி, நிழலில் காயவைத்து, கடைசியில் மெழுகு. வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும். எந்தப் புத்தகமும் படிக்காதவர்களுக்கு இந்த வரிசை அத்துபடி.

மரச்சாமானுக்கு வேறு வைத்தியம். தேன்மெழுகைச் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, அடுப்பிலிருந்து தள்ளி நின்று டர்பன்டைன் கலப்பார்கள். தீப்பிடிக்கும் சாமான் என்பதால் அந்தத் தூரம். ஆறிய களிம்பைப் பழைய பனியன் துணியில் தொட்டு, மரத்தின் ரேகை ஓடுகிற திசையிலேயே தேய்க்க வேண்டும். துரை மாலையில் கால் நீட்டிக்கிடக்கும் நீண்ட கைப்பிடிக் கதிரையின் பிரம்புப் பின்னல் தொய்ந்துவிட்டால், கதிரையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தில் சுடுதண்ணீர் தெளித்துக் காயவிடுவார்கள். பிரம்பு காயக் காயச் சுருங்கி விறைப்பாகிவிடும். சிவப்புச் சீமெந்துத் தரைக்கு மான்ஷன் பொலிஷ். குறுக்கே வெட்டிய தேங்காய் மட்டையை ஒரு காலால் மிதித்து, ஆடுவதுபோல் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்குக் கொண்டுவருவது ஒரு நாள் வேலை.

இத்தனையும் தெரிந்த வீட்டிலும் ஓயாத சங்கடம் தேத்தண்ணிக் கறை. பழைய மேசைகளுக்குப் பூசியது அரக்கு. அதன்மேல் கொதிக்கக் கொதிக்கக் கோப்பையை வைத்தால் வெள்ளை வட்டம் விழும். அது மரத்தில் விழுந்த கறையல்ல, சூட்டோடு சேர்ந்து ஈரம் அரக்குக்குள் புகுந்த அடையாளம். துணி விரித்து மேலே இளஞ்சூடான இஸ்திரிப் பெட்டியை ஒரு தரம் ஓட்டினால் ஈரம் வெளியேறி வட்டம் மறையும். கறுப்பு வட்டம் என்றால் கதை வேறு. தேயிலையிலும் மரத்திலும் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கறுத்துவிடும், அந்தக் காலத்து எழுதும் மை செய்த முறையும் இதுதான். எனாமல் கழன்று இரும்பு தெரியும் கோப்பையில் சாயத்தண்ணி ஊற்றி மேசையில் வைத்தவர்கள், தெரியாமலே மரத்தில் மை தடவினார்கள். இதற்குத் தேசிக்காய்ச் சாறு கொஞ்சம் கேட்கும். முழுதாகப் போக, தச்சர்கள் பாவிக்கும் ஒக்சாலிக் அமிலம் வேண்டும். அது நஞ்சு, கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

கொழுந்து பறிக்கிற பெண்களின் விரல் நுனி கறுத்திருப்பதும் இதற்குப் பக்கத்து விஷயம்தான். நசுங்கிய கொழுந்தின் சாறு காற்றுப் பட்டுக் கறுக்கிறது. தொழிற்சாலையில் பச்சைத் தேயிலை கறுப்பதும் அப்படித்தான். பங்களா மேசையில் விழுந்த கறைக்கு மெழுகும் ஸ்பிரிட்டும் இருந்தன. இந்த விரல்களுக்குச் சாம்பலும் சவர்க்காரமும்.

லயத்துக்குள் நுழைந்த முதல் உண்மையான தளபாடம் தேயிலைப் பெட்டி என்று சொன்னால் தவறில்லை. ஒட்டுப்பலகையில் செய்து, விளிம்புகளுக்குத் தகரப் பட்டை அடித்து, உள்ளே ஈயத்தாளோ அலுமினியத்தாளோ ஒட்டிய பெட்டி. கிந்தோட்டை ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையில் இவை செய்யப்பட்டன, வெளிநாட்டிலிருந்தும் வந்தன. உடைந்தது, கழிந்தது எப்படியோ லயத்துக்கு வந்து சேரும். நிமிர்த்தி வைத்தால் சாமி படத்துக்கு மேசை, படுக்க வைத்தால் பாத்திர அலுமாரி. உள்ளே ஒட்டிய தாளை உரிக்காமல் விட்டால் ஈரம் ஏறாது, அரிசி நமத்துப் போகாது. அதைத் துடைக்கவோ பொலிஷ் போடவோ தேவையில்லை. அடுப்பில் எரிகிற மிலாறின், அதாவது கவ்வாத்துத் தேயிலைக் குச்சியின், புகையே அதற்குக் காவல், பூச்சி அண்டாது. பிறகு தேயிலை தடித்த கடதாசிப் பைகளில் போகத் தொடங்கியது, பெட்டியும் மறைந்தது. தளபாடம் விற்றுப் பெயர் பெற்ற டம்ரோ நிறுவனத்தின் பெயரை இன்று லபுக்கலைத் தேயிலை நிலையத்தில் பார்க்கலாம். தேயிலைப் பெட்டியைத் தளபாடமாக்கியவர்கள் நாங்கள். இப்போது தளபாடக் கம்பனி தேயிலை விற்கிறது.

இடையில் எவ்வளவோ நடந்தது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று கணக்கு எழுதப்பட்டது. அதன்படி போனவர்கள் தலைமன்னாரில் கப்பலேறும்போது அவர்கள் கையோடு இருந்தது அந்த டிரங்குப் பெட்டிதான். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசிடம் போயின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. துரைமாரின் நிறம் மாறியது. பங்களாவின் மேசை கதிரைகளில் பல இருந்த இடத்திலேயே இருந்தன.

இன்றைக்கு அவற்றுக்குத்தான் மவுசு. 1876இல் தொடங்கிய நுவரெலியா ஹில் கிளப்பில் இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும் போட வேண்டும் என்ற பழைய சட்டத்தையே காட்சிப் பொருளாக்கி வைத்திருக்கிறார்கள். கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலானது. தேயிலை வாட்டிய மாடிகளில் இப்போது விருந்தினர் தூங்குகிறார்கள். 2005இல் காசல்ரீ, நோர்வூட், டின்சின், சமர்வில் பங்களாக்கள் சிலோன் டீ ட்ரெயில்ஸ் என்ற பெயரில் சுற்றுலா விடுதிகளாயின. துரை உட்கார்ந்த மாதிரியான கதிரையில் உட்கார வெளிநாட்டார் டொலரில் பணம் கட்டுகிறார்கள். அந்தக் கதிரை மினுங்க வேண்டும், ஆனால் புதிதாகத் தெரியக் கூடாது. அப்புமாரின் பேரப்பிள்ளைகள் சீருடை போட்டுக்கொண்டு அதே மெழுகை அதே திசையில் தேய்க்கிறார்கள். அவர்களின் கைத்திறனுக்கு இப்போதாவது சான்றிதழும் மாதச் சம்பளமும் இருக்கிறது, அந்த மட்டில் நல்லது.

லயத்துப் பக்கம் மாற்றம் இன்னும் பெரிது. 1,000 ரூபா நாட்சம்பளம் என்பது பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2021இல்தான் கைக்கு வந்தது. ஆனாலும் கொழும்பில் கடையில் நிற்கும் மகனோ, மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போன மகளோ அனுப்பும் காசில் சோபா வருகிறது, அலுமாரி வருகிறது, டீவி மேசை வருகிறது. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி, ஏற்கெனவே தொடங்கிய 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகள் கட்டித் தருவதாக அறிவித்தார். 7 பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்களுக்குச் சாமான் வைக்க ஒரு முன்னறை உண்டு. கிடைக்காதவர்கள் அதே காம்பராவுக்குள் அலுமாரியை நுழைத்து, அதன் மறைவில் புதுமணத் தம்பதிக்கு ஒரு அறை உண்டாக்குகிறார்கள். அலுமாரி அங்கே சுவர் வேலையும் பார்க்கிறது.

இந்தப் புதுச் சாமான்களிடம்தான் பழைய அறிவு தோற்கிறது. சிப்போர்ட் அலுமாரி மரம்போலத் தெரியும். பார்த்தால் மரத்தூளைப் பசையில் அழுத்தி மேலே படம் ஒட்டியது. அதற்கு மெழுகும் ஏறாது, தேங்காயெண்ணெயும் ஏறாது, எண்ணெய் தூசியைத்தான் பிடித்து வைக்கும். அடியில் ஈரம் பட்டால் தூள் ஊதிப் பெருக்கும். ஊதியதை எந்தத் தச்சுப் பாஸ் வந்தாலும் பழையபடி ஆக்க முடியாது. தரை கழுவும்போது காலடியில் தண்ணீர் போகாமல் இரண்டு செங்கல் வைப்பது, பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர்துணியால் ஒற்றுவது, இவ்வளவுதான் அதற்குச் செய்யக்கூடியது. இரும்பு அலுமாரி துருப்பிடிப்பதும் கால்களிலிருந்துதான். அங்கே ரப்பர் மூடி மாட்டினால் பல வருடம் தாங்கும்.

சோபா விஷயத்தில் நம் ஆட்களிடம் ஒரு பிடிவாதம். கடையிலிருந்து வந்த பொலித்தீனைக் கழற்றவே மாட்டார்கள், அழுக்காகிவிடுமாம். இந்தக் காலநிலையில் பொலித்தீனுக்குள் ஈரம் அடைபட்டு, மூன்று மழைக்காலத்தில் உள்ளே பூஞ்சணம் நாறும். கழற்றி விடுங்கள். துணியில் பால்தேத்தண்ணி கொட்டினால் முதலில் பச்சைத்தண்ணீர். சுடுதண்ணீர் பாலை இறுகப் பிடிக்க வைத்துவிடும். அடுப்புப் புகையின் கரி படிந்த எதையும் ஈரத்துணியால் தொடுவதற்கு முன் உலர்ந்த தூரிகையால் தட்ட வேண்டும், இல்லையென்றால் கரி மையாகப் பரவும். பிளாஸ்டிக் கதிரையை இரும்பு நாரால் தேய்க்காதீர்கள். ஒவ்வொரு கீறலும் அடுத்த அழுக்குக்கு வீடு. ஈரத்துணியில் அப்பச்சோடா தொட்டுத் தேய்த்தால் போதும்.

ஆனால் கறையைப் பற்றி எவ்வளவு பேசினாலும், லயத்தில் தளபாடம் கெடுவது கறையால் அல்ல. ஒழுகுகிற தகரம், காயாத சுவர், புகை வெளியேற வழியில்லாத அடுப்பு, இவைதான் காரணம். பங்களாவில் இரவெல்லாம் கணப்பு எரிந்து அறை உலர்ந்திருந்தது, மெழுகு வேலை செய்தது. வீடு உலராமல் சாமான் நிலைக்காது.

தவணைக்கு அலுமாரி எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைக்குப் போகும் முன் உங்கள் வீட்டுச் சுவரை மழை நாளில் கையால் தொட்டுப் பாருங்கள். கை நனைந்தால் சிப்போர்ட் வாங்காதீர்கள். அளவு சிறியதானாலும் பரவாயில்லை, ஊரில் உள்ள பாஸிடம் சொல்லி கிரவிலியாப் பலகையில் செய்து வாங்குங்கள், சுவருக்கும் அதற்கும் நடுவே நான்கு விரல் இடம் விட்டு வையுங்கள்.