பொம்மை வீட்டுக்கும் மழைக்காலம் உண்டு

புதுச்சேரி மூலக்குளத்தில், கோடை விடுமுறையில் பிள்ளைகள் ஒட்டி முடித்த மர மாதிரி வீடு ஐப்பசி மழை பிடித்ததும் கோணிக்கொள்ளலாம். கூரைப் பலகை தூக்கும். கதவு நிலையில் இறுகும். பழி பசைமேல் விழும். உண்மையில், வேலையைக் காட்டியது காற்றின் ஈரம்.

வெட்டிக் காயவைத்த பிறகும் மரம் ஈரத்தை வாங்குவதும் விடுவதுமாகவே இருக்கும். 30 டிகிரி வெப்பத்தில், காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் மரம் தன் உலர் எடையில் ஏறத்தாழ 9 சதவீத நீரை வைத்திருக்கும். ஈரப்பதம் 80 ஆனால் அது 16-ஐ நெருங்கும். அந்த நீர் செல் சுவர்களுக்குள் புகுந்து நார்களைப் பருக்க வைக்கிறது. அதனால் மரம் நீளத்தில் வளர்வது அரிது, அகலத்தில்தான் விரியும். 10 செ.மீ. பலகை 2 மி.மீ. வரைகூட அகலலாம். அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவுட்டில் இது வெகு குறைவு.

வெளிப்புறம் மட்டும் பெயின்ட் அடித்தால், பூசாத பக்கம் முந்திக்கொண்டு ஈரம் குடித்து விரியும், பலகை வளையும். எனவே இருபுறமும் ஒரே அளவு பூச வேண்டும். நார்கள் வாய் திறந்திருக்கும் வெட்டுமுனைக்கு இன்னொரு கோட் தேவை.

இதற்கு நம் ஊர்க் கைவினைஞர்களின் பழைய விடை அரக்கு. ஒரு சிறு பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் பிசின் அது. அம்பாசமுத்திரம் மரச்செப்புகளுக்கும் கர்நாடகத்தின் சன்னபட்டணா பொம்மைகளுக்கும் பளபளப்பு தருவது அதுதான். கடைசலில் சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வுச் சூட்டில் உருகிப் படியும். சன்னபட்டணாவில் அதைத் தாழை ஓலையால் மெருகேற்றுவார்கள்.

தட்டையான மாதிரிப் பலகைக்குக் கடைசல் உதவாது. அரக்குச் சீவலை ஸ்பிரிட்டில் கரைத்துத் தடவலாம். தண்ணீர் கலந்த அக்ரிலிக் வண்ணத்தை நேரே பூசினால் நார் சிலிர்த்துச் சொரசொரப்பாகும். ஸ்பிரிட் அந்த அளவுக்குச் சிலிர்க்க விடாது. அரக்கு காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பிறகு வண்ணம் தீட்டலாம். பசை படும் இடங்களை மட்டும் விட்டுவிட வேண்டும். வெள்ளைப் பசை நாருக்குள் இறங்கினால்தான் பிடிக்கும்.

மழை நாளில் அரக்கு பூசக் கூடாது. ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் படிந்து வெண்மை பூக்கும்.

எந்தப் பூச்சும் ஈரத்தை முழுக்கத் தடுக்காது, தாமதப்படுத்தும், அவ்வளவே. ஆனால் மரத்துக்கு அந்தத் தாமதம் போதும். இரண்டு நாள் மழையின் ஈரம் உள்ளே இறங்குவதற்குள் வெயில் வந்துவிடும்.