மணல் அடுப்பில் அடுக்குக் கேக்

இரும்பை என்றால் திருஞானசம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் உள்ள ஊர் என்பார்கள் பக்தர்கள். திண்டிவனம் - புதுச்சேரி சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் செம்மண் ஊர் என்பார்கள் மற்றவர்கள். 1968ஆம் ஆண்டு பக்கத்தில் ஆரோவில் தோன்றிய பின்னர், எங்கள் சுற்றுவட்டாரத்துக்கு ரொட்டி, கேக் வாசனையும் பழக்கமாகிவிட்டது. அங்குள்ள அடுமனைகளுக்கும் சமையற்கூடங்களுக்கும் வேலைக்குச் செல்வோர் எங்கள் பக்கத்தில் பலர். என் அம்மாவும் அவர்களுள் ஒருவர். நாள்தோறும் கேக் சுடும் இடத்தில் பாத்திரம் துலக்கிவிட்டு வரும் அவர், எங்கள் வீட்டில் ஒரு நாளும் கேக் சுட்டதில்லை. காரணம், எங்களிடம் ‘ஓவன்’ இல்லை.

சென்ற வைகாசியில், தங்கையின் பிறந்த நாளுக்கு நானே சாக்லேட் அடுக்குக் கேக் செய்வதாக வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். வேதியியல் படிக்கிறவனுக்கு இது ஒரு பெரிய காரியமா என்ற மமதைதான். நல்லவேளையாக, ஒரு வாரம் முன்னதாக, அம்மா வேலைக்குச் சென்ற நேரத்தில் ஒத்திகை பார்த்தேன். ஓர் அடுக்கு நடுவில் குழிந்தது. மற்றொன்று எழும்பவே இல்லை. இரண்டிலும் சவர்க்கார வாடை. மேலே பூசிய கிரீம் கால் மணி நேரத்தில் தட்டுக்கு இறங்கிவிட்டது. தங்கை ஒன்றும் பேசவில்லை. அதுதான் மிகவும் உறைத்தது. எங்கே தவறினேன் என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்ததை நண்பர்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் அடுப்பு. இட்லிப் பானைக்குள் நீர் இருக்கும்வரை வெப்பம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். அதனால்தான் இட்லி வெள்ளையாகவே வெந்து வருகிறது. கேக்குக்கோ 175 டிகிரி அளவில், எல்லாப் பக்கமும் சீராகச் சூழும் உலர் வெப்பம் வேண்டும். அப்போதுதான் மேற்புறம் பழுப்பேறி மணம் பிறக்கும். நம் அடுப்போ அடியில் மட்டும் எரிவது. இதற்கு வழி மணல். ‘டி.எம்.வி.’ என்ற எழுத்துகளைத் தாங்கிய வேர்க்கடலை ரகங்களைத் தந்த திண்டிவனத்தின் பக்கத்தில் இருப்பவர்களுக்கு, கடலையை ஏன் மணலில் வறுக்கிறார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. மணல் மெல்லச் சூடேறும், சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எங்கும் பரப்பும். கனமான அலுமினியப் பாத்திரத்தில் சலித்த உலர்ந்த மணலை இரண்டு விரற்கடை உயரம் பரப்பி, ஒரு முக்காலி வளையத்தை வைத்து, மூடி பத்து நிமிடம் காயவிட்டால் ஓவன் தயார்.

அடுத்தது எழும்பும் கலை. இட்லி மாவில் இரவெல்லாம் நுண்ணுயிர்கள் உழைத்து உண்டாக்கும் கரியமில வாயுவை, கேக்கில் சோடா சில நிமிடங்களில் தந்துவிடுகிறது. ஆப்ப சோடா என்பது சோடியம் பைகார்பனேட். புளிப்பு எதுவும் சேராமல் சூடேறினால் இது வாயுவை விட்டுவிட்டு சோடியம் கார்பனேட்டாக மாறும். துணி துவைக்கும் சலவைச் சோடாவும் அதே சேர்மந்தான்! நான் ஒரு கரண்டி நிறையப் போட்டதற்குக் கிடைத்த பரிசே அந்தச் சவர்க்கார வாடை. புளித்த மோர் சேர்த்தால் அதன் அமிலம் சோடாவைச் சரிக்கட்டிவிடும். பேக்கிங் பவுடரில் சோடாவும் உலர்ந்த அமில உப்பும் முன்கூட்டியே கலந்திருக்கின்றன. 1843இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆல்பிரட் பேர்டு என்பவர், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக இத்தகைய பொடியை உருவாக்கினார் என்பது வரலாறு. வீட்டாருக்காகச் சோதனை செய்து பார்த்தவன் நான் ஒருவன் மட்டுமல்லன் என்று அறிந்தபோது சற்று ஆறுதல்.

நடுவில் குழிந்தது ஏன்? பத்தாவது நிமிடத்தில் மூடியைத் திறந்து பார்த்தேன். வாயுக் குமிழ்கள் சூட்டில் விரிந்து மாவைத் தூக்கி நிறுத்தியிருந்தன. ஆனால் முட்டையின் புரதமும் மைதாவின் மாச்சத்தும் வெந்து இறுகிச் சுவராகவில்லை. குளிர்காற்றுப் பட்டதும் குமிழ் சுருங்கியது, கூரையும் விழுந்தது. முதல் 25 நிமிடம் மூடியைத் தொடாதீர்கள்.

இரண்டாம் அடுக்கு எழும்பாமற்போனதுதான் எனக்கு நெடுநேரம் விளங்கவில்லை. மாவு ஒன்றே, அடுப்பு ஒன்றே! பிறகுதான் புரிந்தது. எங்கள் பாத்திரத்தில் ஒரு நேரத்தில் ஓர் அடுக்குதான் வேகும். முதல் அடுக்கு வேகும் நாற்பது நிமிடமும் மீதி மாவு மோரோடும் சோடாவோடும் கலந்து காத்துக் கிடந்தது. வாயுவில் பெரும்பகுதி அதற்குள் காற்றோடு போய்விட்டது. ஆகவே பொடிகளைத் தனியாகவும் நீர்ப்பொருள்களைத் தனியாகவும் பாதிபாதியாகப் பிரித்து வைத்துக்கொண்டு, அடுப்பில் இடம் கிடைத்த பின்னரே கலக்க வேண்டும்.

அளவு இது. மைதா 200 கிராம், கோகோ 40 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. இவற்றைச் சலித்துக்கொள்க. பொடித்த சர்க்கரை 200 கிராம், முட்டை 2, எண்ணெய் 100 மில்லி, கெட்டி மோர் 200 மில்லி ஆகியவற்றை வேறொரு பாத்திரத்தில் அடித்துக்கொள்க. இரண்டையும் சேர்த்த பின் கட்டி உடையுமளவு கிளறினால் போதும். மேலும் மேலும் கிளறினால் கோதுமைப் புரதம் பரோட்டா மாவுபோல் இழுவை கொண்டுவிடும். ஏழு அங்குலத் தட்டில் எண்ணெய் தடவி ஊற்றி, மிதமான தீயில் 35 முதல் 40 நிமிடம். தென்னை ஈர்க்கைக் குத்தினால் மாவு ஒட்டாமல் வர வேண்டும்.

இனி கிரீம். புத்தகங்களில் காணும் முறை, வெண்ணெயையும் சர்க்கரையையும் கோகோவையும் நுரைக்க அடிப்பது. குளிர்நாட்டுக்கு அது சரி. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் வைகாசி நண்பகலில் வெப்பம் அதைத் தாண்டியிருக்கும். கொழுப்பை நம்பி எழுப்பிய கட்டடம், கொழுப்பு உருகினால் நிற்குமா? சாக்லேட்டை உருக்கி ஊற்றலாமே என்றால், கோகோ வெண்ணெயின் உருகுநிலையும் ஏறக்குறைய அதுவே. உருகாத வனஸ்பதி வகைகளைச் சேர்க்கலாம். ஆனால் அவை வாயிலும் உருகாமல் மெழுகுபோல் ஒட்டும்.

தட்டில் வழிந்து கிடந்ததைப் பார்த்த எங்கள் ஆயா, “வெண்ணெய வெய்யில்ல வச்சா ஒழுவாம இன்னாடா பண்ணும்? களி எந்த வெய்யில்லடா உருகிச்சு?” என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டார்.

விடை அதிலேயே இருந்தது. மாச்சத்து நீரோடு கொதிக்கும்போது அதன் மணிகள் உப்பி, நீரைப் பிடித்துக்கொண்டு ஒரு வலைபோல் இறுகுகின்றன. இந்த இறுக்கம் வெயிலின் வெப்பத்தில் கரைந்து ஓடாது. பால் 300 மில்லியில், கார்ன்பிளவர் எனும் மக்காச்சோள மாவு 30 கிராம், கோகோ 30 கிராம், சர்க்கரை 100 கிராம் ஆகியவற்றைக் கட்டியில்லாமல் கரைத்து, கைவிடாமல் கிண்டி, குமிழிட்டுக் கொதித்த பின் இரண்டு நிமிடம் வைத்து இறக்குக. ஒரு கரண்டி வெண்ணெய் பளபளப்புக்கு. ஆடை படியாமல் கிளறிக்கொண்டே ஆறவிட வேண்டும். அடுக்குகளும் நன்றாக ஆறிய பிறகே பூச வேண்டும். பால் சேர்ந்ததாகையால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் அது ஒரு சிக்கலே இல்லை.

பிறந்த நாளன்று பகல் பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் போயிற்று. விசிறி நின்றது. தங்கை கேக்கைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். கிரீம் அசையவில்லை. மாலையில் அம்மா வந்த பிறகு வெட்டினோம். அன்று கிருத்திகை என்பதால் முட்டை சேர்ந்த கேக்கை ஆயா தொடவில்லை. கிரீம் கிண்டிய பாத்திரத்தை மட்டும் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். அம்மா தம் துண்டை வாயில் போடுவதற்கு முன் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“அடி லேசா தீஞ்சிருக்கு. மணல இன்னும் ஒரு விரக்கடை போட்டிருக்கணும்” என்றார்.