மொட்டை மாடியில் ஒரு ரக்பி பட்டிமன்றம்

பட்டிமன்றம் என்றால் நமக்கெல்லாம் கண்ணகியா மாதவியா, மாமியாரா மருமகளா என்றுதான் தெரியும். போன மே மாதம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு பட்டிமன்றம் நடந்தது. தலைப்பைச் சொன்னால் சிரிப்பீர்கள். 'உலகத்திலேயே தலைசிறந்த ரக்பி ஆட்டக்காரர் யார்?'

திருச்சி புத்தூரில் குடியிருக்கும் எனக்கும் ரக்பிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? எனக்குத் தெரிந்ததெல்லாம் மார்கழிக் குளிருக்குப் போர்த்திக் கொள்ளும் ரக்குதான்! ஆனால் பத்து வருடமாக வயிற்றில் நெருப்பைக் கட்டிக் கொண்டிருந்த எனக்கு அன்றைய பேச்சுதான் கொஞ்சம் தண்ணீர் தெளித்தது. அதனால்தான் உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

என் அண்ணன் குடும்பத்தோடு வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரத்தில் இருக்கிறார். அவர் மகன் அங்கே காலேஜில் படிக்கிறான், ரக்பியும் ஆடுகிறான். லீவுக்கு வந்தவன் பெட்டியைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தது ஒரு பந்து. உருண்டையாக இல்லை. பெரிய பலாக்கொட்டை மாதிரி நீள்வட்டம்!

"என்னடா இது, பந்தை யாராவது மிதிச்சுட்டாங்களா?" என்றேன்.

"இல்ல அத்தை, ரக்பி பந்தே இப்படித்தான். ஒரு பக்கத்துக்குப் பதினஞ்சு பேர், எண்பது நிமிஷ ஆட்டம். பந்தைக் கையில தூக்கிட்டு ஓடலாம். ஆனா கையால முன்னாடி எறியக் கூடாது, பின்னாடி வர்றவனுக்குத்தான் கொடுக்கணும். எதிராளி கட்டிப் பிடிச்சுக் கீழே தள்ளுவான். அதையும் மீறிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில வெச்சா அதுக்குப் பேரு 'ட்ரை', அஞ்சு புள்ளி."

"அட, கபடியிலே பந்தைச் சேர்த்த மாதிரி!" என்றார் என் மாமனார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஹாக்கி என்றால் உயிர். எந்த ஆட்டமானாலும் ஒரு பிடி பிடிப்பார்.

அன்று ராத்திரி எட்டு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. எல்லோரும் பாயைத் தூக்கிக் கொண்டு மாடிக்குப் போனோம். தூரத்தில் மலைக்கோட்டை விளக்கு தெரிந்தது. நான் ஒரு தூக்கில் தயிர்சாதமும் மாவடுவும் கொண்டு போய், எல்லோர் கையிலும் உருட்டி வைக்க ஆரம்பித்தேன். பேச்சும் ஆரம்பித்தது. மாமனார் தன்னைத்தானே நடுவராக நியமித்துக் கொண்டார்.

"தம்பி, வெள்ளைக்காரன் கிரிக்கெட்டைக் கொண்டு வந்தான், ஹாக்கியைக் கொண்டு வந்தான். இதை மட்டும் ஏன் நம்ம ஊருக்குக் கொண்டு வரலே?"

"கொண்டு வந்தாங்க தாத்தா. 1870களில கல்கத்தாவில ஒரு ரக்பி கிளப் இருந்தது. அது நடக்காமப் போனதும், பாங்கில இருந்த வெள்ளி ரூபாயை எல்லாம் உருக்கி ஒரு கோப்பை செஞ்சாங்க. மூணு கைப்பிடியும் நாகப்பாம்பு, மூடி மேலே யானை. கல்கத்தா கோப்பைன்னு பேரு. 1879லேர்ந்து இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அதுக்காக ஆடுறாங்க."

நம் ஊர் வெள்ளி ரூபாய் அங்கே கோப்பையாக நிற்கிறதாம். எனக்கு இது ஒன்றே ரக்பியைக் கொஞ்சம் சொந்தமாக்கி விட்டது.

முதலில் பேசியவன் அண்ணன் மகன்தான். அவன் கட்சி, வேல்ஸின் காரெத் எட்வர்ட்ஸ். "1967லேர்ந்து 1978 வரைக்கும் வேல்ஸுக்காகத் தொடர்ந்து 53 மேட்ச். நடுவில ஒண்ணு கூட விட்டதில்ல அத்தை. 1973ல எங்க கார்டிஃபிலேயே நியூசிலாந்துக்கு எதிரா அவர் போட்ட ட்ரையை இன்னைக்கும் போட்டுப் போட்டுப் பார்க்கிறாங்க."

என் கணவர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர். வீட்டில் துவரம்பருப்பு எத்தனை நாள் வந்தது என்பது வரை கணக்கு வைப்பவர். செல்போனைத் தட்டிப் பார்த்துக் கொண்டே, "உங்க எட்வர்ட்ஸ் ஒரு உலகக் கோப்பையாவது ஆடியிருக்காரா? நியூசிலாந்து ரிச்சி மெக்காவைப் பாரு. 148 டெஸ்ட் ஆட்டம். 2011, 2015 ரெண்டு தடவையும் கேப்டனா இருந்து உலகக் கோப்பை வாங்கினவர். அதுலயும் 2011ல கால் எலும்பு முறிவோட ஆடியிருக்கார்" என்றார்.

"மாமா, ரக்பி உலகக் கோப்பையே 1987லதான் ஆரம்பிச்சது. எட்வர்ட்ஸ் எப்படி ஆடுவார்? அந்தக் காலத்துல ஆடுறவங்களுக்குச் சம்பளமும் கிடையாது. 1995லதான் பணம் வாங்கி ஆடலாம்னு ஆச்சு. அப்புறம் அந்த 148ஐ எங்க வேல்ஸ்காரர் அலுன் வின் ஜோன்ஸ் 2020லயே தாண்டிட்டார்!"

கணக்குப் புலி வாயை மூடிக்கொண்டது. எனக்கு உள்ளூரக் குஷி. பிறகு, 'தங்கச் சங்கிலி எத்தனை பவுன்' என்று மட்டும் பார்த்து மருமகளை எடை போடுகிற மாதிரி இருக்கிறது இந்த எண்ணிக்கை விஷயம்!

இப்போது காலேஜில் படிக்கும் என் பெரியவள் எழுந்தாள். "அது ஏன் எல்லாரும் ஆம்பளைங்க பேரே சொல்றீங்க? நியூசிலாந்து போர்ஷியா உட்மன் டோக்கியோவிலயும் பாரிஸிலயும் ஒலிம்பிக் தங்கம் வாங்கினவங்க. 2017, 2022 ரெண்டு உலகக் கோப்பையும் ஜெயிச்சவங்க. அவ்வளவு தூரம் ஏன்? நம்ம பீகார்ல பாட்னா பக்கம் கிராமத்துப் பொண்ணு ஸ்வீட்டி குமாரியை, 2019ல உலகத்தோட சிறந்த இளம் வீராங்கனைன்னு பெண்கள் ரக்பிக்காரங்க தேர்ந்தெடுத்தாங்க. அதே வருஷம் நம்ம பெண்கள் அணி சிங்கப்பூரை ஜெயிச்சது. பதினஞ்சு பேர் ஆட்டத்துல அதுதான் இந்தியப் பெண்கள் அணியோட முதல் வெற்றி."

"சபாஷ்! இது பேச்சு!" என்று நான் தயிர்சாதக் கையோடு கை தட்டினேன். நடுவர் முறைத்தார்.

இத்தனை நேரம் மூலையில் அந்தப் பந்தை மடியில் வைத்துத் தடவிக் கொண்டிருந்தான் என் சின்னவன். பதினாலு வயது. வீட்டில் இருக்கிறானா என்றே தெரியாத சாது.

"தாத்தா, நான் சொல்லலாமா? என் கட்சி ஜோனா லோமு."

சின்னவன் இப்படி மடமடவென்று பேசி நான் கேட்டதே இல்லை. "நியூசிலாந்துக்காக 19 வயசுல ஆட வந்தவர். ஆறரை அடி உயரத்துக்குக் கொஞ்சம்தான் கம்மி. 1995 உலகக் கோப்பை அரையிறுதியில இங்கிலாந்துக்கு எதிரா அவர் ஒருத்தரே நாலு ட்ரை. பிடிக்க வந்தவங்க மேலேயே ஏறி ஓடினார்."

"ஆனா ஃபைனல்ல தோத்துட்டாங்களே!" என்றான் அண்ணன் மகன். "தென்னாப்பிரிக்கா 15, நியூசிலாந்து 12. நெல்சன் மண்டேலா பச்சைச் சட்டை போட்டு வந்து கோப்பையைக் கொடுத்தார். லோமு உலகக் கோப்பையே ஜெயிச்சதில்ல. தென்னாப்பிரிக்காவுக்கு எதிரா டெஸ்டில ஒரு ட்ரை கூடப் போட்டதில்ல."

சின்னவன் பந்தைக் கீழே வைத்தான். "சரி. ஆனா 1995 கடைசியில அவருக்கு நெஃப்ராடிக் சின்ட்ரோம்னு கண்டுபிடிச்சாங்க. அப்புறமும் 1999 உலகக் கோப்பையில எட்டு ட்ரை போட்டார். 1995ல போட்டதை விட ஒண்ணு ஜாஸ்தி."

மாடியில் பேச்சு நின்று விட்டது. என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தூக்கைக் கீழே வைத்தேன்.

அந்தப் பெயர் எங்கள் வீட்டில் பத்து வருடத்துப் பெயர். சின்னவனுக்கு நாலு வயது முடிந்த சமயம், காலையில் எழுந்தால் கண்ணைச் சுற்றி வீங்கியிருக்கும். கொசு கடித்ததோ, ஜலதோஷமோ என்று மஞ்சள் பற்றுப் போட்டேன். மத்தியானம் வீக்கம் வடிந்துவிடும், நானும் மறந்துவிடுவேன். பத்து நாளில் கால் வீங்கியது, வயிறு உப்பியது, சிறுநீர் சோப்பு நுரை மாதிரி நுரைத்தது. அப்புறம்தான் ஓடினோம். ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதச் சத்தைச் சிறுநீரகம் வடிகட்டிப் பிடித்து வைக்காமல் வெளியே விட்டு விடுகிறது, அதனால்தான் உடம்பில் நீர் கோர்க்கிறது என்று டாக்டர் விளக்கினார்.

ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தார்கள். "வீக்கம் வடிஞ்சதும் நீங்களா நிறுத்திடாதீங்க, நான் சொல்ற மாதிரி படிப்படியாத்தான் குறைக்கணும்" என்று இரண்டு தரம் சொன்னார். தினமும் காலையில் அவன் சிறுநீரை ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்து, டாக்டர் எழுதித் தந்த மருந்தில் சில சொட்டு விட வேண்டும். தெளிவாக நின்றால் நல்லது. பால் போலக் கலங்கினால் புரதம் போகிறது என்று அர்த்தம். வீட்டில் காப்பி டிகாக்‌ஷன் இறங்குவதற்கு முன் அந்தக் குழாயைத்தான் பார்ப்பேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதுவேன். இப்படி எத்தனை நோட்டு! மூன்று முறை நோய் திரும்ப வந்தது. அந்தக் காலையெல்லாம் குழாய் கலங்கும், என் கண்ணும் கலங்கும்.

ஒன்பது வயதுக்குப் பிறகு நோய் திரும்பவில்லை. மாத்திரையும் நின்று விட்டது. ஆனால் நான் நிற்கவில்லை. ஸ்கூலில் பி.டி. பீரியடுக்கு வேண்டாம் என்று கடிதம் எழுதினேன். மழையில் நனையாதே, ஓடாதே, எவனாவது தள்ளி விடுவான் என்று அவனை ஒரு பொம்மை மாதிரி ஜன்னலோரம் உட்கார வைத்தேன். தெருப் பையன்கள் உய்யக்கொண்டான் வாய்க்கால் பக்கம் கிரிக்கெட் ஆடுவார்கள். இவன் ஜன்னலிலிருந்து ஸ்கோர் எழுதுவான். என்னைப் போலவே நோட்டுப் போட்டு!

லோமுவின் கதையை அண்ணன் மகன் மெதுவாகத் தொடர்ந்தான். அவருடைய சிறுநீரகம் மோசமாகிக் கொண்டே போய், 2003ல் டயாலிசிஸ். 2004ல் ஒரு நண்பர் தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுத்தார். அதோடு 2005ல் மறுபடி ஆட வந்தாராம், அதுவும் இவர்கள் கார்டிஃப் அணிக்கே! 2015 நவம்பரில், 40 வயதில் காலமானார்.

கேட்கக் கேட்க எனக்கு உடம்பு நடுங்கியது. "பார்த்தியா? இதுக்குத்தான் நான் சொல்றேன்..." என்று ஆரம்பித்து விட்டேன்.

"அம்மா," என்றான் சின்னவன், "அவருக்கு வியாதி இருந்ததுக்காக அவரைப் பெரிய ஆளுன்னு நான் சொல்லல. உலகக் கோப்பையில மொத்தம் 15 ட்ரை போட்டார். அதுக்காகத்தான் சொல்றேன். நீங்க மட்டும்தான் முதல்ல வியாதியைப் பார்க்கறீங்க."

அவன் லோமுவைத்தான் சொன்னானோ, தன்னைத்தான் சொன்னானோ! எனக்குப் பேச்சு வரவில்லை. கரண்ட் வந்து தெரு விளக்கு எரிந்தது நல்லதாகப் போயிற்று. எல்லோரும் இறங்கி விட்டார்கள்.

மறுவாரமே சின்னவனை அழைத்துக் கொண்டு டாக்டரிடம் போனேன். சிறுநீர், ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தார். "அஞ்சு வருஷமா மாத்திரை இல்லை, நோயும் திரும்பலை. ஓடியாடி விளையாடட்டும். இத்தனை நாள் ஏம்மா அடைச்சு வெச்சீங்க?" என்று என்னைத்தான் கேட்டார்! லோமுவைப் பற்றிச் சொன்னதற்கு, "பேரு ஒண்ணா இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே வழியில போறதில்லைம்மா. சின்னக் குழந்தைகளுக்கு வர்றது பெரும்பாலும் மாத்திரைக்குக் கட்டுப்படும். திரும்பத் திரும்ப வந்தாலும், வளர வளர நிறையப் பேருக்கு நின்னுடும். சிறுநீரகமும் கெடறதில்லை" என்றார்.

சின்னக் குழந்தைகளை வைத்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. காலையில் குழந்தையின் கண் இமை தொடர்ந்து நாலு நாள் வீங்கியிருந்தால், சிறுநீர் நுரைத்தாலோ அளவு குறைந்தாலோ, பற்றுப் போட்டுப் பார்த்துக் கொண்டிருக்காதீர்கள். ஒரு சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையிலேயே விஷயம் தெரிந்து விடும். வீக்கம் இருக்கும்போது உப்பைக் குறையுங்கள். அப்பளம், ஊறுகாய், வற்றல் வேண்டாம். ஸ்டீராய்டு சாப்பிடும் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி போடுவதானாலும் முதலில் டாக்டரைக் கேளுங்கள். காய்ச்சல், சளி வந்தால் அலட்சியம் வேண்டாம். எல்லாம் சரியான பிறகு, குழந்தை விளையாடலாமா என்பதையும் டாக்டரிடமே கேளுங்கள். என்னைப் போல நீங்களாகத் தீர்ப்பு எழுதி விடாதீர்கள்.

அண்ணன் மகன் ஊருக்குப் போகும் வரை தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் பக்கத்து மைதானத்துக்குப் போனார்கள். கட்டிப் பிடித்துத் தள்ளுகிற ஆட்டம் இல்லை, தொட்டாலே போதும் என்கிற ஆட்டம். முதல் நாள் நான் பால் வாங்கப் போகிற சாக்கில் மைதானத்து மதில் ஓரமாக நின்று பார்த்தேன். இரண்டு தடவை விழுந்தான். நான் செருப்பைக் கூடக் கழற்றி விட்டேன், ஓடுவதற்கு. அவனே எழுந்து டிராயரைத் தட்டிக் கொண்டு ஓடினான்.

அந்தப் பந்து இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. தெருப் பையன்கள் ஏழெட்டுப் பேர் அதற்காகவே வருகிறார்கள்.

பட்டிமன்றத் தீர்ப்பு என்ன ஆச்சு என்கிறீர்களா? என் கணவர் இன்னும் மெக்கா கட்சிதான். பெரியவள் போர்ஷியா, ஸ்வீட்டி என்று இருவரையும் விடமாட்டேன் என்கிறாள். நான் மட்டும் கட்சி மாறி லோமுவுக்கு ஓட்டுப் போட்டு விட்டேன். நாலு ட்ரைக்காகத்தான், சத்தியமாக! மாமனாரைக் கேட்டால், "தீர்ப்பை ஒத்தி வெச்சிருக்கேன். நம்ம பயல் ஆடறதைக் கொஞ்ச நாள் பார்த்துட்டுச் சொல்றேன்" என்கிறார்.

இதோ, வந்து விட்டான். வாசற்படியெல்லாம் செம்மண். சட்டையைப் பாருங்கள், எந்த சோப்புக்கும் போகாது. "காலை அலம்பிட்டு உள்ளே வாடா!" என்று கத்துகிறேன். பத்து வருடமாக இதைச் சொல்ல எனக்குக் கொடுத்து வைக்கவில்லையே!