வழுக்கையாற்றில் ஒரு பல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒரே ஆறு என்று வழுக்கையாற்றைச் சொல்வார்கள். உடுவிலுக்கு அருகே கந்தரோடைப் பக்கமாகப் போய் அராலியில் கடலேரியைச் சேரும் இந்த ஆற்றில் மாரியில் மட்டுமே வெள்ளம் ஓடும். வெள்ளம் வற்றியதும் அதன் படுகையில் கருத்த பல்லொன்று கிடைத்தால், எந்தக் காலத்து மிருகமோ என்று தோன்றும். ஆனால் நிறத்தை நம்பக் கூடாது. இரும்பும் மங்கனீசும் ஊறிய சேற்றில் அண்மையில் செத்த மாட்டின் பல்லும் கறுத்துப்போகும்.

பார்க்க வேண்டியது மெல்லும் பரப்பை. புல் மெல்லும் மாட்டின் கடைவாய்ப்பல் உயரமானது. மேலே பிறை பிறையாக எனாமல் வரம்புகள் ஓடும். எனாமல் கடினம், உள்ளிருக்கும் தந்தினி மென்மை. மென்மையானது முதலில் தேய்வதால் வரம்பு எப்போதும் துருத்தி நிற்கும். அம்மி தேய்ந்தால் நாம் கொத்த வேண்டும். மாட்டுப் பல் தன்னைத் தானே கொத்திக்கொள்கிறது. ஆட்டுப் பல்லிலும் இதே பிறைகள்தான். ஆனால் மாட்டின் கடைவாய்ப்பல்லில் இரு மடல்களுக்கு இடையே சிறு தூண் ஒன்று எழும்பியிருக்கும். ஆட்டில் பொதுவாக அது இராது. எதையும் தின்னும் பன்றிக்கு மழுங்கிய குமிழ்கள். நாய்க்கோ இறைச்சியை அறுக்கும் கூரிய விளிம்பு.

வழுக்கையாற்றுப் பல் பெரும்பாலும் மாட்டினதாகவே முடியும். இரத்தினபுரியில் கதை வேறு. அங்கே மாணிக்கக்கல் தோண்டுவோர் 'இல்லம்' என்று சொல்லும் சரளை, பழைய ஆறுகள் படியவிட்டது. அதிலிருந்து நீர்யானை, காண்டாமிருகப் பற்கள் வந்தன. அருகிலுள்ள குருவிட்டவில் கிடைத்த பற்களைக் கொண்டு 1939-இல் விலங்கியலாளர் பி. ஈ. பி. தெரணியகல, இலங்கையில் ஒருகாலத்தில் சிங்கம் வாழ்ந்ததாக எழுதினார். அதில் முக்கிய சாட்சி, இறைச்சி அறுக்கும் கீழ்த்தாடைப் பல் ஒன்று. 2005-இல் அதே வகைப் பல்லொன்றை அளந்த ஆய்வாளர்கள், இங்கே புலியும் இருந்ததென்றார்கள். இன்று இலங்கைக் காட்டில் இரண்டுமே இல்லை, பெரும்பூனைகளில் சிறுத்தை மட்டும்தான்.

எந்த விலங்கு என்பதைப் பல் சொல்லும். எப்போது வாழ்ந்தது என்பதைச் சொல்ல, அது கிடந்த மண்படை வேண்டும். ஆகவே பல்லைக் கண்டால் உடனே பிடுங்கிக் கழுவாமல், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுங்கள். இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையில் காட்டிக் கேட்கலாம்.